மீந்த மஞ்சள் கருவை எப்படி வைப்பது? ஃப்ரீசரில் போட்டால் இறுகிவிடுமாமே!

மாவுச்சல்லடை கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். ஏஞ்சல் ஃபுட் கேக் செய்துகொண்டிருக்கிறேன். முழுக்க வெள்ளைக் கருவை நம்பி நிற்கிற கேக் அது. ஒரு கேக்குக்குப் பன்னிரண்டு முட்டையின் வெள்ளை போய்விடும். இப்போது பன்னிரண்டு மஞ்சள் கரு கிண்ணத்தில் கிடக்கிறது. கிண்ணத்துக்கு மாற்றும்போது அதில் இரண்டு உடைந்துவிட்டது. மற்ற பத்தும் முழுசாக இருக்கின்றன.

அடுத்த வாரக் கடைசியில் வெனிலா ஐஸ்கிரீம் செய்து தருவதாக வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன். கஸ்டர்ட் காய்ச்சிச் செய்கிற வகை, ஆறு மஞ்சள் கரு வேண்டும். அதுவரை இவற்றை வைத்திருக்க முடிந்தால் புதிதாக முட்டை உடைக்க வேண்டாம். ஆனால் நடுவில் ஒரு வாரத்துக்கு மேல் இருக்கிறது. ஃபிரிட்ஜில் அத்தனை நாள் தாங்குமா?

ஃப்ரீசர் என்றால் எனக்கு ஒரு பயம். தெரிந்தவர் ஒருவர் மஞ்சள் கருவை ஒரு டப்பாவில் ஊற்றி ஃப்ரீசரில் வைத்திருந்தார். வெளியே எடுத்து நன்றாகக் குளிர் விட்ட பிறகும் அது இளகவே இல்லை, கெட்டுப்போய்விட்டது என்று தூக்கிப் போட்டுவிட்டார். உண்மையிலேயே கெட்டதா, இல்லை அதன் குணமே அப்படியா? வெள்ளைக் கரு மட்டும் எத்தனை மாதம் உறைந்து கிடந்தாலும் பழையபடி ஆகிவிடுகிறதே, மஞ்சளுக்கு மட்டும் என்ன கேடு?

தெரிந்தவர்கள் சொல்லுங்கள். கேக் அடுப்பில் இருக்கிறது, கிண்ணம் இப்போதைக்கு மூடி போட்டு ஃபிரிட்ஜில்.


கறிவேப்பிலை_அக்கா:

முழுசாக இருக்கிற கருக்கள் முழுகும்படி குளிர்ந்த தண்ணீர் ஊற்றி, மூடி போட்டு, ஃபிரிட்ஜின் உள்தட்டில் வையுங்கள் தம்பி. கதவுப் பக்கம் வேண்டாம், திறக்க மூட அங்கே சூடு ஏறி இறங்கும். இரண்டு நாள் நன்றாக இருக்கும். எடுக்கும்போது தண்ணீரை மெதுவாகச் சாய்த்து வடித்துவிட்டால் போதும். தண்ணீர் ஊற்றாமல் வைத்தால் மேலே ஏடு கட்டிவிடும். அந்த ஏடு காய்ந்த தோலாகி, எவ்வளவு அடித்தாலும் கரையாது. கஸ்டர்டில் துணுக்குத் துணுக்காக நிற்கும்.

உடைந்த இரண்டுக்கும் இது ஆகாது. தண்ணீரில் கலங்கிப் போகும். அதை இன்றைக்கே ஆம்லெட்டில் சேர்த்து அடித்துவிடுங்கள், நிறமும் ருசியும் தூக்கலாக இருக்கும்.

ஒரு வாரம் எல்லாம் எனக்குத் தெரியாது, நான் வைத்ததில்லை.


ரொட்டியடுப்பு:

அக்கா சொன்னது சரி. ஆனால் அது இரண்டு நாள் வேலை. தம்பிக்கு வேண்டியது வேறு.

பேஸ்ட்ரி சமையலறையில் வெகுகாலம் நின்றவன் நான். மெரிங்க், அதாவது வெள்ளைக் கருவைச் சர்க்கரையோடு நுரைக்க அடித்துச் செய்கிற இனிப்பு, போடுகிற நாளில் மஞ்சள் கரு வாளி வாளியாக மிஞ்சும். அங்கே யாரும் "இதை எதில் வைக்க?" என்று கேட்க மாட்டார்கள். "இது எதற்குப் போகிறது?" என்றுதான் முதல் கேள்வி வரும். இனிப்புக்குப் போகிறதா, உப்புக்குப் போகிறதா என்று முடிவு பண்ணாமல் மஞ்சள் கருவை ஃப்ரீசர் பக்கம் கொண்டு போகக் கூடாது. ஏனென்று சொல்கிறேன்.

உங்கள் தெரிந்தவர் தூக்கிப் போட்டது கெட்டுப்போன மஞ்சள் கரு இல்லை. வெறுமனே உறையவைத்த மஞ்சள் கரு அப்படித்தான் ஆகும். கிட்டத்தட்ட மைனஸ் 6 டிகிரிக்குக் கீழே போனாலே அது இறுக ஆரம்பித்துவிடும். வீட்டு ஃப்ரீசர் மைனஸ் 18-ல் ஓடுகிறது. மஞ்சள் கருவில் ஏறக்குறைய பாதி தண்ணீர். மீதியில் பெரும்பங்கு கொழுப்பு, அப்புறம் புரதம். இந்தக் கொழுப்பும் புரதமும் சேர்ந்து நுண்ணிய உருண்டைகளாகத் தண்ணீரில் மிதக்கின்றன. தண்ணீர் பனிக்கட்டியாக மாறி ஒதுங்கிக்கொண்டதும், மிதக்க இடமில்லாமல் உருண்டைகள் ஒன்றை ஒன்று நெருக்கி ஒட்டிக்கொள்ளும். பிறகு பனி கரைந்து தண்ணீர் திரும்பி வந்தாலும் ஒட்டியது பிரியாது. கரண்டியை நட்டால் பசை டப்பாவில் நிற்கிற மாதிரி நிற்கும். மிக்ஸியில் அடித்தால் கொஞ்சம் இளகிக் கொடுக்கும், பழைய ஓட்டம் வராது. சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது, ஆனால் கஸ்டர்டில் கலக்க முயன்றால் கட்டி கட்டியாக நின்று உயிரை வாங்கும்.

வெள்ளைக் கருவில் கொழுப்பு கிடையாது என்று சொல்லிவிடலாம், பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். அதனால்தான் அது எத்தனை முறை கேட்டாலும் சொன்னபடி கேட்கிறது.

இதற்கு வழி சர்க்கரை அல்லது உப்பு. இரண்டுமே தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அத்தனையும் பனியாகிவிடாது, உருண்டைகளுக்கு நெருக்கடி குறையும். வீட்டு அளவு இது: நான்கு மஞ்சள் கருவுக்கு, அதாவது கால் கப்புக்கு, ஒன்றரை டீஸ்பூன் சர்க்கரை. அல்லது அதே அளவுக்கு டீஸ்பூனில் எட்டில் ஒரு பங்கு உப்பு. இரண்டும் சேர்த்துப் போட வேண்டாம், ஏதாவது ஒன்று. தொழிற்சாலையிலிருந்து உறைந்து வருகிற மஞ்சள் கருவில் பத்து சதவீதம் வரை சர்க்கரையோ உப்போ இருக்கும். டப்பாவின் மேலே எழுதியிருப்பார்கள், அதைப் படித்துவிட்டுத்தான் தராசில் வைப்போம்.

இப்போது புரிகிறதா முதல் கேள்வி ஏன் அது என்று? சர்க்கரை போட்டதை மயோனைஸுக்கு எடுத்தால் அசட்டுத் தித்திப்பு. உப்புப் போட்டதை ஐஸ்கிரீமில் ஊற்றினால் அதைவிட மோசம்.

உங்கள் கணக்குக்கு வருவோம். ஐஸ்கிரீமுக்கு ஆறு. உடைந்தது இரண்டு. ஃப்ரீசருக்குப் போகிற கருவை எப்படியும் கலக்கத்தான் போகிறோம், அதனால் உடைந்ததை அழுது தீர்க்க வேண்டியதில்லை. முழுசாக ஆறு, உடைந்த இரண்டு, ஆக எட்டு. அரைக் கப் வரும். அதற்கு மூன்று டீஸ்பூன் சர்க்கரை, அதாவது சரியாக ஒரு டேபிள்ஸ்பூன். முட்கரண்டியால் கலக்குங்கள், விஸ்க் எடுத்து நுரை கிளப்பாதீர்கள். காற்றுக் குமிழி புகுந்தால் ஃப்ரீசரில் சீக்கிரம் காய்ந்துபோகும். சர்க்கரை கரைந்ததும் ஒரு சல்லடையில் வடித்துவிடுங்கள். கருவோடு ஒட்டி வந்த வெள்ளை நூலும், மேல் சவ்வும் சல்லடையில் நின்றுவிடும்.

அப்புறம் டப்பா. கருவின் அளவுக்குப் பொருத்தமான சின்ன டப்பாவாக எடுங்கள். பெரிய டப்பாவில் அடியில் கொஞ்சம் ஊற்றி வைப்பதுதான் பலரும் செய்கிற காரியம், மேலே இருக்கிற வெற்றிடம் அத்தனையும் கருவைக் காய வைக்கும். உறையும்போது கரு கொஞ்சம் விரியும் என்பதால் விரலகலம் மட்டும் இடம் விடுங்கள். மூடியில் மூன்று விஷயம் எழுதுங்கள்: தேதி, எத்தனை கரு, சர்க்கரையா உப்பா. இப்போது எல்லாம் ஞாபகம் இருக்கும் என்றுதான் தோன்றும். உறைந்த பிறகு சர்க்கரைக் கருவையும் உப்புக் கருவையும் பார்த்து வித்தியாசம் சொல்ல யாராலும் முடியாது.

ஒரு வருஷம் வரை தாங்கும் என்பார்கள். நான் மூன்று நான்கு மாதத்தில் தீர்த்துவிடச் சொல்வேன், அதற்கு மேல் ஃப்ரீசர் வாசம் ஏறிவிடும்.

மீதி நான்கு முழுக் கரு இருக்கும். அக்கா சொன்ன மாதிரி தண்ணீரில் போட்டு, நாளை மறுநாளுக்குள் தீர்த்துவிடுங்கள்.


நெய்விளக்கு:

ரொட்டியடுப்பு சார் இவ்வளவு நீளமாக எழுதிவிட்டார், ஆனால் எனக்கு ஒரு சந்தேகம். இரண்டு நாள், இரண்டு நாள் என்று ஏன் இவ்வளவு கெடுபிடி? முழு முட்டை ஓட்டோடு ஃபிரிட்ஜில் வாரக்கணக்கில் இருக்கிறது. அதே மஞ்சள் கருதானே உள்ளே இருக்கிறது? நான் நான்கைந்து நாள் வைத்து எடுத்திருக்கிறேன், முகர்ந்து பார்ப்பேன், வாசம் சரியாக இருந்தால் போட்டுவிடுவேன். ஒன்றும் ஆனதில்லை.


ரொட்டியடுப்பு:

நல்ல கேள்வி. பதில் வெள்ளைக் கருவில் இருக்கிறது.

ஓட்டுக்குள் இருக்கிற வரை மஞ்சள் கருவுக்குச் சுற்றிலும் காவல். வெள்ளைக் கரு ஏதோ வெறும் தண்ணீர் மாதிரி தெரியும், ஆனால் கிருமிக்கு அது பாலைவனம். அதில் லைசோசைம் என்று ஒரு புரதம், சில பாக்டீரியாக்களின் சுவரையே அறுத்துவிடும். ஓவோடிரான்ஸ்ஃபெரின் என்று இன்னொன்று, கிருமி வளரத் தேவையான இரும்புச் சத்தைக் கைப்பற்றி வைத்துக்கொள்ளும், கொடுக்காது. போதாததற்கு முட்டை பழசாக ஆக வெள்ளைக் கரு காரத்தன்மை ஏறி 9 பிஎச் தாண்டிப் போகும். இத்தனையையும் கடந்து கிருமி மஞ்சள் கருவுக்குள் போக வேண்டும்.

நாம் என்ன செய்கிறோம்? அந்தக் காவலை வழித்துக் கேக்கில் போட்டுவிட்டு, சத்து நிறைந்த மஞ்சளை மட்டும் திறந்த கிண்ணத்தில் வைக்கிறோம். கொழுப்பு, புரதம், இரும்பு, எல்லாம் கலந்த விருந்து. காரத்தன்மையும் கிடையாது, 6 பிஎச் அளவுதான். நடுவில் இருக்கிற ஒரே தடை அந்த மெல்லிய சவ்வு. உடைந்துவிட்டால் அதுவும் இல்லை. அதனால் ஓட்டோடு இருக்கிற முட்டையின் கணக்கை இதற்குப் போடக் கூடாது. வெள்ளைக் கரு தனியாக ஃபிரிட்ஜில் நான்கு நாள் என்றால் மஞ்சள் இரண்டு நாள், இதுதான் வழக்கமாகச் சொல்கிற அளவு.

முகர்ந்து பார்ப்பதைப் பற்றி: நாறினால் தூக்கிப் போடுங்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் நாறவில்லை என்பதற்காக நல்லது என்று ஆகாது. முட்டையில் வருகிற நோய்க்கிருமி சால்மோனெல்லா, அது வாசம் காட்டாது, நிறம் மாற்றாது. உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால் அந்த முட்டைகளில் கிருமி இல்லை என்று அர்த்தம், அல்லது நன்றாக வேகவைத்துச் சாப்பிட்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம். இரண்டும் நல்லதுதான், ஆனால் அடுத்த முட்டைக்கு அது உத்தரவாதம் ஆகாது.

இன்னொன்றும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ஃப்ரீசர் கிருமியைக் கொல்லாது. வளராமல் நிறுத்தி வைக்கும், அவ்வளவுதான். குளிர் விட்டதும் விட்ட இடத்திலிருந்து தொடங்கும். ஆகவே வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடந்த கருவை "சரி, ஃப்ரீசரில் போட்டுவிடலாம்" என்று காப்பாற்ற நினைக்காதீர்கள். ஃபிரிட்ஜ் 4 டிகிரியில் இருக்க வேண்டும், பிரித்த கையோடு உள்ளே போக வேண்டும். முட்டை ஓட்டின் இரண்டு பாதிக்கும் நடுவில் கருவை மாற்றி மாற்றி ஊற்றிப் பிரிக்கிற பழக்கம் உள்ளவர்கள் அதையும் விடுவது நல்லது. ஓட்டின் வெளிப்புறத்தில் இருப்பது அத்தனையும் கருவில் பட்டுக்கொண்டே இருக்கும். சுத்தமான கையை விரித்து அதில் ஊற்றினால் வெள்ளை விரலிடுக்கில் வழிந்துவிடும்.


நெய்விளக்கு:

விளக்கத்துக்கு நன்றி சார். வெள்ளைக் கருவுக்கு இப்படி ஒரு வேலை இருக்கிறது என்று தெரியாது. ஆனால் நான்கு நாள் வரைக்கும் வைப்பதை நிறுத்துவேனா என்று சத்தியம் பண்ண மாட்டேன் 🙂


உப்புக்கல்:

மீதி நான்கு கருவுக்கு என் யோசனை: உப்பில் புதைத்துவிடுங்கள்.

உப்பும் சர்க்கரையும் சம அளவு கலந்து ஒரு தட்டையான டப்பாவில் விரலகலத்துக்குப் பரப்புங்கள். முட்டையின் அடிப்பக்கத்தால் அழுத்தி நான்கு குழி செய்து, குழிக்கு ஒரு கருவாக இறக்குங்கள். இதற்குக் கரு உடையாமல் முழுசாக இருக்க வேண்டும். மேலேயும் அதே கலவையால் மூடி, டப்பாவை மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள். நான்கைந்து நாளில் உப்பு தண்ணீரை உறிஞ்சி, கரு கெட்டியாகி, கையில் எடுக்க வரும். ஒரு வாரம் விட்டால் இன்னும் இறுகும். ஒட்டியிருக்கும் உப்பைக் குளிர்ந்த தண்ணீரில் அலசி, துணியில் ஒற்றி, ஓவனை மிகக் குறைந்த சூட்டில், 70, 80 டிகிரி அளவில், ஒன்று இரண்டு மணி நேரம் காய வையுங்கள். வெளியே தொட்டால் பிசுபிசுப்பு இருக்கக் கூடாது. சீஸ் துருவுகிற துருவியில் மெலிசாகத் துருவி பாஸ்தா, சாலட், சூப், எதன் மேலும் தூவலாம். மூடிய டப்பாவில் ஃபிரிட்ஜில் ஒரு மாதம் கவலையில்லை.

நிறம் ஆரஞ்சுக்குப் போய், விளிம்பில் கண்ணாடி மாதிரி வெளிச்சம் தெரியும். உப்பு தூக்கலாக இருக்கும், அதனால் தூவிய பிறகே உணவில் உப்பு போடுங்கள்.

ஒரே ஒரு எச்சரிக்கை. இது உப்பில் பதமானதுதான், நன்றாக வெந்தது என்று சொல்ல முடியாது. கர்ப்பிணிகள், சின்னக் குழந்தைகள், வயதானவர்கள், உடம்பில் எதிர்ப்பு சக்தி குறைந்தவர்கள் இதைத் தவிர்ப்பது நல்லது.


கறிவேப்பிலை_அக்கா:

எனக்கு இந்த உப்புப் புதையல் எல்லாம் பொறுமை இல்லை. மஞ்சள் கருவை வேகவைத்து வைத்துவிடலாம், அது இன்னும் சுலபம். அகலமான பாத்திரத்தில் கருக்களை ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் வைத்து, முழுகி ஓர் அங்குலம் நிற்கும்படி தண்ணீர் ஊற்றி, கொதி வந்ததும் அடுப்பை அணைத்து மூடிவிடுங்கள். பத்துப் பதினைந்து நிமிஷத்தில் உள்ளே வரை வெந்திருக்கும். துளைக் கரண்டியால் அரித்து எடுத்து ஆறவிட்டு வைத்தால் நான்கு நாள் ஃபிரிட்ஜில் இருக்கும், உதிர்த்து எதிலும் சேர்க்கலாம். வெந்த மஞ்சள் கரு ஃப்ரீசருக்கும் தாங்கும். வெந்த வெள்ளைதான் ரப்பராகிப் போகும்.

முட்டையை ஓட்டோடு அதிகம் வேகவைத்தால் மஞ்சளைச் சுற்றிப் பச்சையாக ஒரு வளையம் வருமே, இதில் அது பெரும்பாலும் வராது. ஏன் என்று ரொட்டியடுப்பு தம்பி சொல்வார்.


ரொட்டியடுப்பு:

அந்தப் பச்சை, வெள்ளைக் கருவிலிருந்து வருகிற கந்தகமும் மஞ்சளில் இருக்கிற இரும்பும் சந்திக்கிற இடத்தில் உண்டாவது. இங்கே ஒரு தரப்பு வரவே இல்லை, அதனால் சண்டையும் இல்லை.


மாவுச்சல்லடை:

எல்லோருக்கும் நன்றி. கேக் நன்றாக உப்பி வந்தது. அண்ணே சொன்னபடி எட்டுக் கருவுக்கு ஒரு டேபிள்ஸ்பூன் சர்க்கரை கலந்து, வடித்து, எழுதி ஒட்டி ஃப்ரீசரில் வைத்துவிட்டேன். மீதி நான்கையும் உப்புக்கல் சொன்ன மாதிரி புதைக்கப் போகிறேன், பார்க்கலாம்.

இன்னும் சில கேள்விகள் மிச்சம் இருக்கின்றன. ஐஸ்கிரீமுக்கு ஆறுதான் வேண்டும், டப்பாவில் எட்டு கலந்துவிட்டது, எப்படி அளந்து எடுப்பது? இளக வைக்க வெளியே மேஜையில் வைக்கலாமா? ஐஸ் ட்ரேயில் ஊற்றியிருந்தால் வசதியாக இருந்திருக்குமோ? சர்க்கரையைச் செய்முறையில் குறைக்க வேண்டுமா? அப்புறம் மிச்சம் வருகிற இரண்டு கருவை மறுபடி உறையவைக்கலாமா?

மயோனைஸுக்கு என்று உப்புப் போட்டு வைப்பதாக இருந்தால் அது பச்சையாகத்தானே சாப்பிடுகிறோம், பரவாயில்லையா? இது இப்போதைக்கு இல்லை, அடுத்த கேக்குக்கு.


ரொட்டியடுப்பு:

அளவு சுலபம். ஒரு பெரிய முட்டையின் மஞ்சள் கரு 17, 18 கிராம் இருக்கும், கரண்டிக் கணக்கில் ஒரு டேபிள்ஸ்பூன். இளகிய கலவையில் ஆறு டேபிள்ஸ்பூன் எடுத்தால் ஆறு கரு. சர்க்கரை சேர்ந்ததால் துளி கூடுதலாக இருக்கும், கஸ்டர்டுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. தராசு இருந்தால் மொத்தக் கலவையை எடை போட்டு அதில் முக்கால் பங்கு எடுங்கள், இன்னும் துல்லியம்.

அந்த ஆறு டேபிள்ஸ்பூனில் போயிருக்கிற சர்க்கரை இரண்டேகால் டீஸ்பூன். செய்முறையில் அவ்வளவைக் குறைத்துக்கொள்ளுங்கள். குறைக்காவிட்டாலும் குடி முழுகாது. ஐஸ்கிரீம் கொஞ்சம் தித்திப்பாகவும் கொஞ்சம் மென்மையாகவும் வரும், அவ்வளவுதான்.

மேஜையில் இளக வைக்கவே கூடாது. முதல் நாள் இரவே ஃப்ரீசரிலிருந்து ஃபிரிட்ஜுக்கு மாற்றிவிடுங்கள், காலையில் ஊற்றுகிற பதத்தில் இருக்கும். மறந்துவிட்டால் டப்பாவையோ ஜிப் பையையோ தண்ணீர் புகாமல் இறுக மூடி, குழாயடியில் குளிர்ந்த தண்ணீர் ஓடவிட்டு இளக வைக்கலாம். வெந்நீர் வேண்டாம், ஓரத்தில் கரு வெந்து உள்ளே கட்டியாக இருக்கும். இளகியதை அன்றைக்கே, மிஞ்சினால் மறுநாள், தீர்த்துவிட வேண்டும். மறுபடி உறையவைப்பது கூடாது. மிச்சம் இரண்டு கருவை அன்றைக்கே ஒரு கேக் மாவிலோ பிஸ்கட் மாவிலோ சேருங்கள், இல்லையென்றால் எட்டையும் ஐஸ்கிரீமிலேயே ஊற்றிவிடுங்கள். ஆறு போட்டதைவிட அடர்த்தியாக வரும், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். நானாக இருந்தால் அதைத்தான் செய்வேன்.

ஐஸ் ட்ரே நல்ல யோசனைதான். ஆனால் ஒவ்வொரு ட்ரேயின் குழியும் ஒவ்வோர் அளவு. முதலில் ஒரு குழியில் டேபிள்ஸ்பூனால் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், எத்தனை கரண்டி பிடிக்கிறதோ ஒரு கட்டிக்கு அத்தனை கரு. உறைந்ததும் தட்டி எடுத்து, காற்றை வெளியேற்றிய ஜிப் பையில் போட்டுவிடுங்கள். ட்ரேயிலேயே விட்டால் எல்லாப் பக்கமும் காய்ந்துபோகும், பக்கத்தில் வெங்காயம் இருந்தால் அந்த வாசமும் ஏறும்.

கஸ்டர்ட் காய்ச்சும்போது, சூடான பாலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கருவில் ஊற்றிக் கலக்கி, பிறகு மொத்தமாகப் பாத்திரத்துக்கு மாற்றுங்கள். கரண்டியின் பின்புறத்தில் படிந்து, விரலால் கோடு இழுத்தால் கோடு நிற்கிற பதம், 80 டிகிரியைத் தாண்டும்போது வரும். கிருமிக்குத் தேவையான 71 டிகிரியை அதற்குள் தாண்டிவிட்டிருப்போம், அதனால் ஃப்ரீசரில் இருந்த கரு என்று பயப்பட வேண்டாம். 85-க்கு மேல் விட்டால் திரிந்துவிடும், அடுப்புப் பக்கத்திலேயே நில்லுங்கள்.

மயோனைஸ் கேள்வி முக்கியமானது. உப்புப் போட்டு உறையவைத்த கரு மயோனைஸுக்கு நன்றாகவே கட்டும், தொழிற்சாலைகளிலும் உப்புக் கருதான் அதற்குப் போகிறது. ஆனால் அவர்கள் பாஸ்டுரைஸ் செய்த, அதாவது கிருமி சாகிற அளவுக்குச் சூடாக்கிய கருவை எடுக்கிறார்கள். வீட்டில் உடைத்த கருவில் அந்த வேலை நடக்கவில்லை. எலுமிச்சைச் சாறு ஊற்றிவிட்டோம், அது பார்த்துக்கொள்ளும் என்று நம்ப வேண்டாம். இரண்டு கருவுக்கு இரண்டு டேபிள்ஸ்பூன் எலுமிச்சைச் சாறு, இரண்டு டேபிள்ஸ்பூன் தண்ணீர் சேர்த்து, மிகச் சிறு தீயில் கை விடாமல் கிளறி 71 டிகிரி வந்ததும் இறக்கி, பாத்திரத்தைக் குளிர்ந்த தண்ணீரில் வைத்து ஆற்றி, அப்புறம் எண்ணெயைத் துளித் துளியாக விட்டு அடியுங்கள். தண்ணீரும் புளிப்பும் சேர்ந்திருப்பதால் கரு அந்தச் சூட்டில் கட்டியாகாது. தெர்மாமீட்டர் இல்லாமல் இதைச் செய்ய நான் சொல்ல மாட்டேன்.


உப்புக்கல்:

நான் சேர்க்க மறந்தது: உப்புக் கலவையைப் பயன்படுத்திய பிறகு மறுபடி சமையலுக்கு எடுக்க வேண்டாம். கருவின் ஈரம் முழுக்க அதில்தான் இருக்கிறது.


மாவுச்சல்லடை:

சரி, எட்டையும் ஊற்றிவிடுகிறேன் அண்ணே. கடைசியாக ஒன்று: சர்க்கரை கலந்த இந்தக் கருவை ரொட்டி மேல் பூசுவதற்கு எடுக்கலாமா?


ரொட்டியடுப்பு:

இனிப்பு பன்னுக்குத் தாராளமாக எடுக்கலாம். ஒரு டேபிள்ஸ்பூன் கருவுக்கு ஒரு டீஸ்பூன் பால் விட்டு இளக்கிப் பூசுங்கள். சர்க்கரை இருப்பதால் வழக்கத்தைவிடச் சீக்கிரம் சிவக்கும், கடைசிப் பத்து நிமிஷம் ஓவன் கண்ணாடியில் ஒரு கண் இருக்கட்டும். மேல்பக்கம் கறுக்கிற மாதிரி தெரிந்தால் ஃபாயில் தாளைத் தளர்வாக மூடிவிடுங்கள்.